ஹவாய் மறுமலர்ச்சியில் இசைக்கலைஞர்கள்: கேள்வி பதில்

கேள்வி: 1970களின் ஹவாய் பண்பாட்டு மறுமலர்ச்சியில் இசைக்கு அப்படியென்ன பங்கு?

பதில்: 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. வகுப்பறையில் வாயடைக்கப்பட்ட ஹவாய் மொழி பாட்டிலும் ஹூலா நடனத்திலும் பிழைத்துக் கிடந்தது. பிற்பாடு, 1970களில், தாய்மொழியைத் தேடிய பிள்ளைகளுக்கு முதலில் கைக்கு எட்டியது பாட்டுதான். அதைக் காத்தவர்களில் ஒருவர் கிதார்க் கலைஞர் கேபி (Gabby) பஹினுயி: பிழைப்புக்குச் சாலை வேலை, வார இறுதியில் வைமானலோ ஊரிலிருந்த வீட்டில் கிதார்க் கச்சேரி. சுற்றுலாப் பயணிகளுக்கான ஓட்டல் மேடையில் கேட்டதை வைத்து ஹவாய் இசையை எடைபோடாதீர்கள்.

கேள்வி: அவர் வாசித்த ‘ஸ்லாக் கீ’ எப்படிப்பட்டது?

பதில்: நல்ல கேள்வி. தந்திகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்து வாசிக்கும் ஹவாய் கிதார் முறை அது. கிதாரின் 6, 5, 1ஆம் தந்திகளை ஒரு முழு டோன் (இரண்டு அரைச்சுரம்) தளர்த்துங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் சுரக்கூட்டு (கார்டு) ஒலிக்கும். தடித்த தந்திகளில் கட்டைவிரல் தாளத்தை விடாமல் நடத்த, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். இந்தச் சுருதிக்கு ‘டாரோ பேட்ச்’ என்று பெயர். வேறு பல சுருதிகளும் உண்டு. சிலவற்றைக் குடும்பங்கள் வெளியாருக்குக் காட்டாமல் பொத்திவைத்தன.

கேள்வி: யூகலேலே ஹவாயின் ஆதி வாத்தியம்தானே?

பதில்: இல்லை. 1879இல் மதேராவிலிருந்து வந்த போர்த்துக்கீசியரின் சிறு கிதாரிலிருந்து பிறந்தது.

கேள்வி: பாடகர்கள் பாடியதோடு சரி. நிலத்துக்காகப் போராடியவர்கள் வேறு ஆட்கள்.

பதில்: ஜார்ஜ் ஹெல்ம் யார், ஐயா? மொலோகாய் தீவின் ஃபால்செட்டோ (இயல்பைவிட உயர்ந்த குரல்) பாடகர். கஹோஓலவே தீவை அமெரிக்கக் கடற்படை 1941 முதல் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு வைத்திருந்தது. 1976இல் தடையை மீறி அங்கே இறங்கியவர்களில் அவரும் ஒருவர். மறுவருடம் மார்ச்சில், தீவில் இருந்த தோழர்களைத் தேடிப் போய்த் திரும்பும் வழியில், உடன்வந்த கிமோ மிட்செலோடு கடலில் காணாமல் போனார். வயது 26. குண்டுவீச்சு நின்றது 1990இல்.

கேள்வி: அவர் விதிவிலக்கு என்கிறேன்.

பதில்: 1893க்குப் போவோம். ஹவாய் அரசி லிலியுவோகலானியைக் கவிழ்த்தவர்கள் தங்கள் புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி கேட்டார்கள். ராயல் ஹவாயியன் பேண்ட் கலைஞர்கள் கையெழுத்திட மறுத்து வேலையைத் துறந்தார்கள். அவர்களுக்காகப் பிறந்த பாட்டு, கல்லைத் தின்போமே தவிர உங்கள் பணம் வேண்டாம் என்கிறது. எத்தனை பேர் சேர்ந்தால் விதிவிலக்கு என்பதை விடுவீர்கள்? ஓட்டல் மேடைக்கு வெளியேயும் ஹவாய் இருக்கிறது என்று மறுபடி சொல்கிறேன்.

கேள்வி: யூகலேலே ஹவாயில் பிறந்ததா?

பதில்: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சரி, எந்த யூகலேலே வாங்கலாம்?

பதில்: நான் கிதார்க்காரன். கடைக்காரரைக் கேளுங்கள்.