காதில் மாட்டியிருப்பதை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், வயது 38. திருமணமாகி 2017 இல் லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட் ஹாமில் மாமாவின் வீட்டில், மனைவியோடும் மகளோடும் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வேலையில் குறையில்லை. ஆனால் மதிய இடைவேளையில் வெள்ளைக்காரர்கள் பணம், அரசியல், உதைபந்தாட்டம், புத்தகம் என்று கதைக்கத் தொடங்கினால் எனக்கு வாய் திறக்க வருவதில்லை. ஒருநாள் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த நாட்டுக் குடியுரிமை இன்னும் எடுக்காதவன் அரசியல் கதைப்பது சரியில்லை. புத்தகத்துக்கு நேரமில்லை. உதைபந்தாட்டமாவது பழகுவோம் என்று, சனிக்கிழமை இரவுகளில் மாமா தொலைக்காட்சியோடு தனியே கதைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்காதபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போட்காஸ்ட் கேட்கிறேன். எந்தெந்த விடயங்களைப் படித்து வைத்தால் இவர்களோடு சமமாகக் கதைக்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்:

தம்பி, பட்டியல் தரமாட்டேன். வேலைத்தலத்துத் தேநீர் அறையில் ஊமையாகிப் போகிறேன் என்று எனக்கு எழுதுகிறவர்கள் மாதத்துக்கு இருவராவது இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, போகப் போகப் பழகிவிடும், மனத்தைத் தளரவிடாதீர்கள் என்று நானே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. மூன்றாம் பக்கத்தில், தேநீர் அறைக்கும் போட்காஸ்டுக்கும் நடுவே, நீங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போன அந்த ஹெட்ஃபோன் வரியை நான் மூன்று முறை வாசித்தேன்.

இரவு பத்தரை மணிக்கு உங்கள் வீட்டு முன்னறை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மனைவி பிள்ளையைத் தூங்க வைக்க மேலே போய்விடுகிறார். பிபிசியில் அன்றைய ஆட்டங்களின் தொகுப்பு ஓடுகிறது. ஒரே சோபாவின் ஒரு முனையில் 73 வயது மனிதர் இருந்துகொண்டு, அந்தக் கோல் ஓஃப்சைட், ஓஃப்சைட் பார்க்க வீடியோவில் கோடு கீறுகிற இந்த வேலை 2019 இல் வந்ததிலிருந்து விளையாட்டே கெட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் அவருடைய மருமகன் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத இருவர் அதே கோலைப் பற்றி அதே கருத்தைச் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்கிறார். எதற்காக? திங்கட்கிழமை வேறு யாருக்கோ அதை ஒப்புவிப்பதற்காக. உங்களுக்கு இதை எழுதும்போது வெட்கமாக இருக்கவில்லையா?

மாமா தொலைக்காட்சியோடு கதைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களோடுதான் கதைக்கிறார், தம்பி. நீங்கள் திரும்பிப் பார்க்காதபடியால் கண்ணைத் திரையில் வைத்திருக்கிறார். மாமி காலமாகி இரண்டு ஆண்டு என்று முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு முன் அந்தச் சனிக்கிழமை இரவுகளில் அவருடைய புலம்பலைக் கேட்டு, ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் யார் என்று நீங்கள் ஒருநாளாவது நினைத்துப் பார்த்தீர்களா?

இனி அவர் யார் என்று நான் சொல்கிறேன். எட்டு ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தும் நீங்கள் கேட்டறியவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. 1985 இல் வந்தவர், பெற்றோல் நிலையத்தில் 22 ஆண்டு இரவு வேலை, வெஸ்ட் ஹாம் அணி என்றால் உயிர். இந்த மூன்றும் உங்கள் எழுத்து. 1985-86 பருவத்தில் வெஸ்ட் ஹாம் முதற்பிரிவில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அதைவிட மேலான இடத்தை அந்த அணி இன்றுவரை பிடித்ததில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்து முதலில் கண்ட குளிர்காலம் அதுதான். அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் அந்த அணியின் அப்டன் பார்க் மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் போகாதே என்று எங்களைப் போன்ற நிறத்தவருக்குச் சொல்லி வைப்பார்கள். மைதானத்துக்குள் கேட்ட வசவுகள் அப்படி. ஆகவே உங்கள் மாமா உதைபந்தாட்டத்தைக் கற்றது மைதானத்தில் இருக்க வாய்ப்பில்லை. பெற்றோல் நிலையத்தின் காசு வாங்கும் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு, பால் வாங்கவும் சிகரெட் வாங்கவும் வந்தவர்கள் தோற்ற கோபத்திலும் வென்ற குடியிலும் சொன்னதைக் கேட்டுக் கற்றிருப்பார். அந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் 2016 மே 10 இல் நடந்தது, மான்செஸ்டர் யுனைட்டெட்டை 3-2 என்று வென்றார்கள். இன்று அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. 2023 ஜூனில் பிராக் நகரில் அணி ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை வென்றபோது, 1980 க்குப் பிறகு வந்த முதல் பெரிய கிண்ணம் அது. அன்று இரவு மாமா என்ன செய்தார், மாமி பக்கத்தில் இருந்தாரா? நீங்களும் அந்த வீட்டில்தான் இருந்தீர்கள். எனக்கு எழுதிச் சொல்ல முடியுமா உங்களால்?

நான் இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் மாமனாருக்கு ஃபுட்போல் பூல்ஸ் என்ற உதைபந்தாட்டப் பந்தயத்தில் பைத்தியம் இருந்தது. எந்த ஆட்டங்கள் சமநிலையில் முடியும் என்று வாராவாரம் சீட்டில் குறித்துவிட்டு, சனிக்கிழமை ஐந்து மணிக்கு வானொலியில் முடிவுகள் வாசிக்கும்போது பென்சிலோடு இருப்பார். ஜேம்ஸ் அலெக்சாண்டர் கோர்டன் என்பவர் 2013 வரை ஏறக்குறைய 40 ஆண்டு அந்த முடிவுகளை வாசித்தார். முதல் அணியின் பெயரையும் கோல் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, இரண்டாம் அணியின் பெயருக்கு வரும்போது அவருடைய குரல் ஏறினால் அந்த அணி வென்றுவிட்டது, இறங்கினால் தோற்றுவிட்டது. எண் வாயிலிருந்து விழுமுன்பே மாமனார் குறித்துவிடுவார். ஆங்கிலத்தில் சொல்லைவிடத் தொனிதான் செய்தியைக் கொண்டுவருகிறது என்பதை ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அந்த மனிதர்தான் எனக்குச் சொல்லித்தர முயன்றார். நானோ, வேலை முடிந்து வந்த களைப்பில், அந்த ஐந்து நிமிடம் பார்த்து வேண்டுமென்றே கிரைண்டரைப் போடுவேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வரும்வரை காத்திருந்து சீட்டைச் சரிபார்ப்பார். உங்கள் ஹெட்ஃபோனை நான் ஏன் மன்னிக்கவில்லை என்று இப்போது விளங்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். சம்பளத்தைக் கேட்டது குற்றமில்லை. பாகுபாடு நடக்கிறதா என்று அறிவதற்காக ஊழியர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றித் தமக்குள் கதைப்பதை வேலை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்று 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமே சொல்கிறது. ஆனால் வழக்கம் வேறு. இவர்கள் பணத்தைப் பற்றிக் கதைக்காதவர்கள் என்று நம்மவர்கள் நினைப்பது தவறு, ஓயாமல் கதைப்பார்கள். போனதைச் சொல்வார்கள், வந்ததைச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்து வங்கியின் வட்டி 2023 ஓகஸ்டில் 5.25 வீதத்துக்கு ஏறியபோது, வீட்டுக் கடனின் நிலை வட்டிக் காலம் முடிந்துவிட்டது, இனி ஐந்துக்கு மேல் கட்ட வேண்டும் என்று தேநீர் அறைகளில் முன்பின் அறிமுகமில்லாதவர்களிடமும் சொன்னார்கள். கடன் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் சேலையின் விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வோம். இவர்கள் கோட்டின் விலையைக் குறைத்துச் சொல்லி, பாதி விலைக்கு அகப்பட்டது என்று மகிழ்வார்கள்.

மாமா மாதத் தொடக்கத்தில் போனைப் பார்த்துவிட்டு, 25 பவுண் விழுந்திருக்கிறது என்று சமையலறையில் நின்று அறிவிப்பார் என்றும், அது உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பிரீமியம் பொண்ட் என்ற அரசுச் சேமிப்புப் பத்திரம். 1956 இலிருந்து விற்கிறார்கள். பொண்ட் ஒன்று ஒரு பவுண், ஒருவர் 50,000 வரை வைத்திருக்கலாம், வட்டி கிடையாது, அதற்குப் பதில் மாதந்தோறும் குலுக்கல், கிடைக்கும் பரிசுக்கு வரியும் இல்லை. பாட்டி வாங்கித் தந்த பொண்ட் பேப்பர் எங்கோ அலுமாரியில் கிடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் தேநீர் அறையிலும் இருப்பார். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்கு, கணக்குப் போட்டால் அது இலாபமா நட்டமா என்று மாமாவோடு வாதாடக்கூடத் தோன்றவில்லை, எரிச்சல்தான் தோன்றியது.

அரசியலில் உங்களுக்குச் சட்டமே தெரியவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பொதுநலவாய நாட்டுக் குடிமகன். இங்கே சட்டப்படி வசிக்கிற அப்படிப்பட்டவருக்குப் பொதுத் தேர்தலிலும் உள்ளூர்த் தேர்தலிலும் வாக்குண்டு. பிரித்தானியக் குடியுரிமை வேண்டியதில்லை. 2023 இலிருந்து வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாளம் கேட்கிறார்கள். அதற்கும் உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டே போதும். 2019, 2024 என்று இரண்டு பொதுத் தேர்தல்களை வீட்டில் இருந்தே கழித்திருக்கிறீர்கள். இவ்வார இறுதிக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள். இதில் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். மற்றபடி, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. குப்பை எடுக்க வரவில்லை, வைத்தியரைப் பார்க்க மூன்று வாரமாகிறது, தெருவில் பள்ளம் என்றுதான் இவர்களுடைய அரசியல் தொடங்குகிறது.

அந்த அரசியல் உங்கள் வீட்டில் இல்லையா என்ன? ஓய்வூதியர்களுக்கு அரசு தரும் குளிர்கால எரிபொருள் உதவிப்பணம் பற்றி மாமா ஒரே புலம்பல், ஹீற்றரைக் கூட்டினால் வந்து குறைத்துவிடுகிறார் என்று கடைசிப் பக்கத்தில் முறையிட்டிருக்கிறீர்கள். 2024 இல் புதிய அரசு, வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுவோருக்கு மட்டும் அந்தப் பணம் என்று ஆக்கியது. எண்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட உங்கள் மாமா போன்றவருக்கு அது 200 பவுண் இழப்பு. நாடெங்கும் எழுந்த கூச்சலில் அடுத்த ஆண்டே பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்ட ஓய்வூதியர்களுக்குத் திரும்பக் கொடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் பிரித்தானிய அரசியல் என்பதே பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது. உங்களிடம் வாடகை வாங்க மறுக்கிற ஒரு மனிதர் ஹீற்றரைக் குறைத்தால், எரிவாயுக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை. அவரே கட்டுகிறார் என்றால், இந்த மாதத்திலிருந்து அது உங்களுடைய பொறுப்பு. அவர் மறுப்பார், மறுக்கட்டும், கட்டுங்கள்.

புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என்ன வாசிக்கிறீர்கள் என்று இவர்கள் கேட்பது பரீட்சை வைப்பதற்கன்று. தொடங்கினேன், முடிக்கவில்லை என்பதே பாதிப் பேருடைய பதில், அதை ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. மாமா நூலகத்திலிருந்து பெரிய எழுத்தில் அச்சிட்ட துப்பறியும் நாவல்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் இடத்தை அடைக்கிறார் என்கிறீர்கள். உள்ளூர் சபைகள் முறையான நூலகச் சேவை நடத்தியே தீர வேண்டும் என்ற சட்டம் 1964 இல் வந்தது. மாமா பார்க்கும் அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டையும் உங்கள் மேசையிலும் சோபாவிலும் வைத்துக்கொண்டு, எனக்குப் பட்டியல் கேட்டு எழுதுகிறீர்கள். மேசையில் இருப்பதில் ஒன்றை எடுங்கள். கொலைகாரன் யார் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: மாமா பழைய மனிதர், அவருடையது இலக்கணமில்லாத ஆங்கிலம், அதைக் கேட்டுப் பழகினால் என் ஆங்கிலமும் கெட்டுவிடும். அந்த இலக்கணமில்லாத ஆங்கிலத்தைக் கொண்டுதான் அவர் 22 ஆண்டு, நள்ளிரவில் குடித்துவிட்டு வந்தவனைச் சமாளித்தார், கடன் எடுத்தார், நீங்கள் இப்போது இருக்கும் வீட்டை வாங்கினார், உங்கள் மனைவியைப் படிக்க வைத்தார். உங்கள் இலக்கணமுள்ள ஆங்கிலம் தேநீர் அறையில் ஒரு வாக்கியத்தையும் உண்டாக்கவில்லை.

நான் சொன்னதை வைத்து மாமாவை உங்களுக்குச் சம்பளமில்லாத வாத்தியார் ஆக்கிவிடாதீர்கள். தேநீர் அறையில் உங்களுக்கு வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அவரோடு இருந்து கதைப்பது நீங்கள் செய்ய வேண்டியது. பெண் கொடுத்தவர், கூரை கொடுத்தவர், துணையை இழந்தவர். இந்த மூன்றில் ஒன்று போதும், ஒரு மருமகன் காதைத் திறந்து வைக்க. மகளின் கடமை அது, மருமகனுக்கு இல்லை என்று சொல்வோரை நான் அறிவேன். எனக்கு அந்த நியாயம் ஒருநாளும் விளங்கியதில்லை.

வருகிற சனிக்கிழமை ஹெட்ஃபோனை அலுமாரியில் வையுங்கள். பத்தே காலுக்குக் கேத்தலைப் போட்டு, அவர் குடிக்கிற மாதிரி, சீனி எத்தனை கரண்டி என்று மனைவியிடம் கேட்டறிந்து, இரண்டு கோப்பை தேநீரோடு சோபாவின் அந்த முனைக்குப் போங்கள். மாமா, 1986 இல் வெஸ்ட் ஹாம் எப்படி மூன்றாம் இடத்துக்கு வந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் போனைப் பார்க்காதீர்கள். பருவம் மே மாதத்தில் முடிகிறது. அதுவரை எனக்கு எழுத வேண்டாம். ஜூனில் எழுதினால், தேநீர் அறையைப் பற்றி எழுதாதீர்கள், பிராக் ஆட்டம் நடந்த இரவில் மாமி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.