நாற்றுக்குப் பணம் கட்டும் முன் தாய்க்கரும்பைப் பிளந்து பாருங்கள்

கேள்வி: கோபி பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரும்பு. இதுவரை கோ 86032 தான். இப்போது ஒரு ஏஜெண்ட் வந்து, "கோ 0238, கோயமுத்தூர் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்து ரகமுங்க. சர்க்கரைச் சத்து ஜாஸ்தி, டன்னுக்குக் கூட விலை கிடைக்கும்" என்கிறார். நாற்று ஒன்று 4 ரூபாய், பாதி முன்பணம். வாங்கலாமா? நேரடியாக நிலையத்திலேயே வாங்க வழி உண்டா?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. கோவை வீரகேரளத்தில் உள்ள மத்திய அரசின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ல் தொடங்கியது. கோ 0238-ம் அந்த நிறுவனத்தின் ரகம்தான். ஆனால் அது தேர்வானது ஹரியானாவில், கர்னாலில் உள்ள அதன் கிளையில். கோவைப் பக்கம் கரும்பு நன்றாகப் பூக்கும். வடக்கே அப்படிப் பூக்காது. அதனால் இனச்சேர்க்கையை இங்கே செய்துவிட்டு, அந்த விதையை மற்ற இடங்களுக்கு அனுப்பி அங்கங்கே தேர்வு செய்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் 'கோ' இருப்பதால் அது நம் மண்ணுக்கான ரகம் ஆகிவிடாது. கோ 0238-ஐ 2009-ல் வெளியிட்டது பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப்பிரதேசம் அடங்கிய வடமேற்கு மண்டலத்துக்கு. சில வருடம் அங்கே கொடிகட்டிப் பறந்தது. பிறகு செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் பிடித்து, உத்தரப்பிரதேச ஆலைகளே மாற்று ரகம் தேடும் நிலை வந்தது. அங்கே கைவிடுவதை இங்கே புதுசு என்று விற்கிறார்கள்.

ஆராய்ச்சி முடிவுகள் மண்டலவாரியாகத்தான் சிபாரிசாகின்றன. கொங்கு நாடு தீபகற்ப மண்டலத்தில் வருகிறது. கடலூர்ப் பக்கம் கிழக்குக் கடற்கரை மண்டலம். மண்டலத்துக்குள் இரண்டு நடவுப் பயிர், ஒரு மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும் பயிர்) என்று பார்த்த பிறகே ஒரு ரகத்தைச் சிபாரிசுக்கு எடுக்கிறார்கள். யார் எந்த ரகத்தைக் கொண்டுவந்தாலும் "எந்த மண்டலத்துக்கு வெளியிட்டது?" என்று முதலில் கேளுங்கள். உங்கள் கோ 86032 இந்த மண்டலத்துக்கென்றே 2000-ல் வெளியிடப்பட்டது. இந்த மண்டலப் பட்டியலைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு கரும்புக் கோட்ட அலுவலகச் சுவரிலும் ஒட்டினால் ஏஜெண்டுகளின் பிழைப்பே போய்விடும். ஆங்கில ஆண்டறிக்கையில் அது பத்திரமாகத் தூங்குகிறது. கோபியிலிருந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் நிலையத்தின் முடிவு, கமிஷன்காரர் வாய் வழியாகத்தான் தோட்டத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

'கூட விலை' என்பது சுத்தப் பொய். மத்திய அரசு, வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையத்தின் கணக்கை வைத்து விலை நிர்ணயிக்கிறது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை எத்தனை கிலோ என்ற கணக்கு) டன் 3,550 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் டன்னுக்கு 34.60 ரூபாய் கூடும், 9.5-ம் அதற்குக் கீழும் இருந்தால் 3,290.50. இந்தப் பிழிதிறன் ஆலை முழுவதுக்குமான சராசரி. உங்கள் மூன்று ஏக்கரில் தேனாகவே விளைந்தாலும் உங்களுக்குத் தனி விலை வராது. (வெட்டி அனுப்பிய 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு சொல்கிறது. அந்த வட்டியை யாராவது வாங்கிவிட்டால் சொல்லியனுப்புங்கள்.) அதோடு, ஆலையின் பட்டியலில் இல்லாத ரகத்தைப் பதிவுக்கு எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் வெட்டு உத்தரவு கடைசியில்தான் வரும். கவுந்தப்பாடிச் சந்தைக்கு நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

இனி நாற்று. ஐந்தடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்கு 4,356 குழி, பட்டுப்போன இடத்தை நிரப்பவும் சேர்த்து ஐயாயிரம் நாற்று. 4 ரூபாய் வீதம் ஏக்கருக்கு 20,000. பணத்தைவிடப் பெரிய சிக்கல், குழித்தட்டில் ஒரு மாத நாற்றாக நிற்கும்போது நோய் கண்ணுக்குத் தெரியாது என்பது. செவ்வழுகல் கரும்பின் உள்ளே இருக்கிறது. நாற்றுக்காகக் கணுவில் உள்ள முளையை, அதாவது பருவைச் சீவும்போது அதுவும் கூடவே வந்துவிடும். மேலே மருந்தில் நனைப்பது உள்ளிருப்பதைக் குணமாக்காது. நாற்றங்காலைப் பார்க்காதீர்கள்; பரு சீவப்போகும் தாய்க்கரும்பு நிற்கும் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

காட்டினால், தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக இருபது கரும்பை எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்சதை சிவந்து, அந்தச் சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டு இருந்து, மோந்தால் புளித்த சாராய வாடை அடித்தால் அது செவ்வழுகல். ஒரு கரும்பில் இருந்தாலும் அந்தத் தோட்டமே வேண்டாம்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் விதைக்கரணை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு) வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைப் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது; பிராண்டு பெயர் ஒட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அது நடவுக் கரும்பாக இருக்க வேண்டும், மறுதாம்பு கூடாது. வயது ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள். ஆலைக்கு வெட்டும் பதினோரு மாதக் கரும்பில் நுனியை விதையாகத் தள்ளிவிடுவது ஊர் வழக்கம், அது வேண்டாம். சால் சாலாக நடந்து பாருங்கள். வேறு நிறக் கரும்பு ஊடே நின்றால் கலப்பு. வெளுத்த, மெலிந்த தூர்கள் புல்கட்டு மாதிரி கிளம்பியிருந்தால் புல்தழை நோய். சாய்ந்த கரும்பும் பூத்த கரும்பும் வேண்டாம். அவருக்கு அந்த விதை எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரியுங்கள். போன வருடம் இதே ஏஜெண்டிடம் வாங்கியவராக இருந்தால், சொந்தக்காரராகவே இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நிலையத்தில் நேரடியாக வாங்கலாம், கேட்ட அன்றைக்குக் கிடைக்காது. வல்லுநர் விதை (நிலையமே உற்பத்தி செய்யும் மூல விதை) பெரும்பாலும் ஆலைகளின் நாற்றுப்பண்ணைக்குத்தான் முதலில் போகும். எந்த ரகம், எத்தனை சென்ட், எந்த மாதம் என்று எழுதி முன்கூட்டியே கொடுத்துவைக்க வேண்டும். நேரில் போவதற்கு முன் கோபியிலேயே உள்ள வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்கள். கோ 11015 போன்ற சீக்கிரம் முதிரும் ரகம் வேண்டுமென்றால், உங்கள் ஆலை அதைப் பதிவுக்கு எடுக்கிறதா என்று கரும்பு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விதை தேடுங்கள். விதை 50 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் நேர்த்தி செய்ததுதானா என்றும் விசாரியுங்கள்.

மூன்று ஏக்கருக்கும் ஒரே தடவையில் வாங்க வேண்டியதில்லை. பத்து சென்ட் நாற்றுப்பண்ணை ஒரு ஏக்கருக்குக் கரணை தரும்; முப்பது சென்ட் போட்டால் போதும். ஜனவரி, பிப்ரவரி நடவுக்கு ஜூனில் பண்ணையை ஊன்றுங்கள். ஆகஸ்ட் 15 வரை வாய்க்காலில் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது, அதனால் கிணற்றுப் பாசனம் உள்ள துண்டில் போடுங்கள்.