நடுத்தர நகரத்தில் இருந்துகொண்டே வீடியோ தயாரிப்பில் வேலை பார்க்க முடியுமா?

உங்கள் கேள்வியில் "எங்கள் ஊரில் படம் சம்பந்தமாக ஒன்றுமே நடப்பதில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நானும் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒரு கேமரா இருக்கும், இரண்டு மூன்று குறும்படம் எடுத்திருப்பீர்கள், வீட்டில் "அடுத்து என்ன?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் நிலைமை அப்படித்தான் இருந்தது.

என் 12 நிமிடக் குறும்படம் எங்கள் ஊர்ப் படவிழா ஒன்றில் தேர்வானது. திரையரங்கில் காட்ட டிசிபி வேண்டும் என்றார்கள். டிசிபி என்பது திரையரங்கு சர்வர் ஓட்டும் கோப்புத் தொகுப்பு. படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது ஒவ்வொரு தனிப் படமும், ஜேபெக் 2000 என்ற பட வடிவில் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, ஒலி வேறு கோப்பாக இருக்கும். அவசர அவசரமாக இணையத்தில் பார்த்து நானே செய்தேன். படத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெளியே எடுத்து, ஒலியைத் தனியாக ஏற்றினேன். நான் எடுத்தது விநாடிக்கு 25 ஃபிரேம். மென்பொருளில் இருந்தது 24, அதாவது படம் கொஞ்சம் மெதுவாக ஓடும், ஒலி மட்டும் பழைய வேகத்திலேயே போகும். கவனிக்கவே இல்லை.

முதல் நிமிடம் முடிவதற்குள் ஒலி 2.4 விநாடி முன்னால் ஓடிவிட்டது. பேசி முடித்த பிறகு வாய் அசைகிறது. கடைசி 30 விநாடி ஒலியே இல்லை. மகள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற காட்சி அது. அந்த ஒரு காட்சிக்காகத்தான் படமே எடுத்தேன். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்த நடிகை என் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தபோது, படம் ஓட்டும் ஆபரேட்டர் ஆள் அனுப்பி மேலே கூப்பிட்டார். "தம்பி, எத்தனை ஃபிரேமில் எடுத்தாய்?" என்றார். சொன்னேன். "ஒலியையும் அதே விகிதத்தில் நீட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் 25 ஆகவே செய்து, இந்த சர்வர் ஓட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்" என்றார். சர்வரில் கோப்பை ஏற்றுவது, ஃபிளாட் என்று சொல்லும் 1998 × 1080 பிக்சல் திரை அளவுக்குள் 1920 பிக்சல் அகலப் படம் எப்படி உட்காரும், ஹார்டு டிஸ்க்கை லினக்ஸ் வடிவில் கொடுத்தால் ஏன் பத்திரம், எல்லாவற்றையும் அந்த அறையிலேயே காட்டினார்.

அடுத்த வருடம் அதே விழாவில் சம்பளமில்லாமல் படங்களைச் சரிபார்க்கப் போனேன். ஒவ்வொரு படத்தோடும் ஒரு இயக்குநர், ஒரு படத்தொகுப்பாளர், ஒரு ஒலிக்காரர் வந்தார்கள். அவர்கள் மூலமாகத்தான் எனக்கு மருத்துவமனை வீடியோ, தொழிற்சாலைப் பயிற்சிப் படம், கல்லூரி அறிமுகப் படம் எல்லாம் வந்தன. இன்றைக்கும் என் வருமானத்தில் பெரும்பகுதி இதுதான்.

"இது சினிமா இல்லையே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரி, இல்லைதான். முழுநீளப் படத்தில் ஒளிப்பதிவாளர் ஆக வேண்டும் என்றால் ஒருநாள் பெரிய நகரத்துக்குப் போகத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் ஓடும் இரைச்சலுக்குள் ஒருவர் பேசுவதைத் தெளிவாகப் பதிவு செய்வதற்கும் கைத்திறன் வேண்டும். "லிங்க் அனுப்பினால் போதுமே, டிசிபி எதற்கு?" என்பவர்கள், திரையரங்கில் தங்கள் படம் ஓடும் நாளில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு படக்குழுவுக்கு ஒன்பது நாள் வேலை செய்தேன். இடம் பிடித்துக் கொடுத்தேன், அனுமதிக்கு அலைந்தேன், இரவில் காட்சிகளை இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தேன். "பணம் குறைவு, ஆனால் டைட்டிலில் பெயர் வரும்" என்றார்கள். பணமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. ஒன்பது நாளும் என்னை "லோக்கல் ஆள்" என்றே கூப்பிட்டார்கள், ஒருவர்கூடப் பெயரைக் கேட்கவில்லை. பணம் வராததைவிட அதுதான் இன்றும் வலிக்கிறது. யார் கூப்பிட்டாலும் தொகை, நாள், டைட்டிலில் பெயர், மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் போவது கேமரா, லைட் வாடகைக்குக் கொடுக்கும் இடத்துக்கு. அடுத்த வாரம் யார் படப்பிடிப்பு என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்புறம் திரைப்படச் சங்கம் இருந்தால் திரையிடலுக்குப் போய் நாற்காலி போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் படம் விழாவுக்குத் தேர்வானால், முந்தின நாளே ஆபரேட்டரைப் பார்த்துக் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். ஒலி எவ்வளவு விலகியிருக்கிறது என்பது கடைசியில்தான் தெரியும்.