வயதான நட்சத்திரங்களை வாங்காமல், இளைஞர்களை வைத்தே ஒரு பேஸ்பால் அணியைத் திரும்பக் கட்ட முடியுமா?

முடியும், ஆனால் அடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும். இப்படி இளைஞர்களை வைத்துக் கட்டிய அமெரிக்க அணியான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், 2011 முதல் 2013 வரை மூன்று சீசனிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. 2013இல் மட்டும் 111 தோல்வி!

இதன் பின்னால் இருப்பது சம்பளக் கணக்கு. மேஜர் லீகுக்கு, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகுக்கு, வரும் இளைஞர் சுமார் ஆறு ஆண்டுகள் அணியின் பிடியில் இருப்பார்; தானாக வேறு அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். முப்பதைத் தாண்டிய நட்சத்திரத்தை வாங்கினால், இப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரைத் தாரை வார்த்துவிட்டு, பெரிய சம்பளமும் கொடுக்க வேண்டும்.

அப்போது கடைசி இடம் பிடித்தால் டிராஃப்டில் (அணிகள் புது இளைஞர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் தேர்வு கிடைக்கும். 2012இல் கார்லோஸ் கொரேயாவை எடுத்தார்கள். அந்த முதல் இடத்தில் வருபவரின் ஒப்பந்தத்துக்கு லீக் ஒதுக்கிய தொகை 72 லட்சம் டாலர். அவர் 48 லட்சத்துக்குச் சம்மதித்தார். மிச்சப் பணம் இருந்ததால், 41ஆவது தேர்வான லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியருக்கு 25 லட்சம் கொடுத்து வளைக்க முடிந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எல்லாக் கல்லுக்கும் மாங்காய் விழாது என்பதும் உண்மை: 2013இன் முதல் தேர்வான மார்க் அப்பெல், ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

2017இல் உலகத் தொடரை, அதாவது லீகின் சாம்பியன் பட்டத்தை, வென்றார்கள். (எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரம் தனிக் கதை.) சரி, அனுபவசாலியே வேண்டாமா? அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசி நாளில், 34 வயது நட்சத்திரப் பந்துவீச்சாளர் ஜஸ்டின் வெர்லாண்டருக்காக மூன்று இளம் வீரர்களை விட்டுக்கொடுத்தார்கள். வீடு எழும்பிய பிறகுதான் அந்தச் செலவு.