கடைக்காரர் சொல்வதும் கரன்ட் பில் சொல்வதும்

மார்கழிக் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுக்கலாமா? எஸ்டேட் பக்கம் செய்கிறார்களே? – வாசகர், செம்மடுவு

கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடலாம்.

வயதான அம்மாவுக்காக ஹீட்டர் பார்க்கிறேன். சேலத்தில் ஒரு கடையில் "ஆயில் ஹீட்டர் எடுங்க, ஃபேன் ஹீட்டரைவிடப் பாதி கரன்ட்தான்" என்கிறார்கள். விலையோ பல மடங்கு. வாங்கலாமா? – வாசகி, நாகலூர்

இந்தப் 'பாதி கரன்ட்' கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கம்பிச்சுருளைச் சூடாக்குகிற ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். ஆயிலானாலும் ஃபேனானாலும் ஹாலோஜனானாலும் இதுதான் கணக்கு. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 2 யூனிட். "நடுநடுவே தானாக நிற்கும் சார்" என்பார்கள். அது சூடு போதுமானதும் கரன்ட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டின் வேலை. ஃபேன் ஹீட்டரில் இருந்தால் அதுவும் நிற்கும்.

அதற்காக ஆயில் ஹீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தம் போடாது, சிவந்த கம்பி வெளியே தெரியாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். அம்மா தூங்கும் அறைக்கு அதுதான் சரி. படுப்பதற்கு அரை மணி முன்பே போடுங்கள், மேலே துணி காயப் போடாதீர்கள். ஹாலோஜன் எதிரே உட்கார்ந்திருப்பவரை மட்டும்தான் சூடாக்கும். என் வீட்டில் ஒன்று இருந்தது. சாய்ந்தால் தானாக அணையும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் தரையில் கவிழ்ந்து கிடந்தபடியே எரிந்தது. இப்போது பரணில்.

உண்மையிலேயே குறைவாக இழுப்பது குளிரும் சூடும் தருகிற ஹாட் அண்ட் கோல்டு ஏசி. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். ஏற்காட்டுக் குளிரில் இது நன்றாகவே வேலை செய்யும். ரிமோட்டில் சூரியப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பெட்டியில் ஹீட்டிங் கெபாசிட்டி, அதாவது எவ்வளவு வெப்பம் தரும் என்பது, தனி எண்ணாக இருக்க வேண்டும்.

அப்புறம் பில். ராத்திரிக்கு 8 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. வீட்டின் மற்ற செலவும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்குமான சலுகை விலையும் போய்விடும். ஓட்டு வீடா? முதலில் மேலே சீலிங் போடுங்கள். ஓட்டு இடுக்கு வழியாகப் போகிற சூட்டுக்கு எந்த ஹீட்டரும் ஈடுகொடுக்காது.

கீசர் 3 ஸ்டாரா, 5 ஸ்டாரா? – வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

ஸ்டார் என்பது சூடாகி நிற்கும் தண்ணீர் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதற்கு. குளிக்கும் முன் போட்டு உடனே அணைக்கிற வீட்டுக்கு 3 போதும்.

கண்காட்சி ஸ்டாலில் 2000 வாட் ஹீட்டர் 900 ரூபாய்க்கு வாங்கினேன். பில் தரவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் பிளக் உருகிவிட்டது. எங்கே புகார் செய்வது? – வாசகர், சூரமங்கலம்

பில்லும் இல்லை, ஸ்டாலும் இருக்காது. யார் மேல் புகார் செய்வீர்கள்? 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 6 ஆம்பியர் பாக்ஸில் செருகினால் உருகத்தான் செய்யும். எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். ரூம் ஹீட்டருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணை ஐஎஸ்ஐ முத்திரை தருகிற பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அசலா போலியா என்று கடையிலேயே தெரிந்துவிடும். வீடு எரியாமல் தப்பியதே போதும், அந்த ஹீட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

தறி ஓட்டிச் சேர்த்த காசில் 15 லிட்டர் கீசர் வாங்கினோம். டாங்குக்கு 5 வருஷ வாரண்டி. 14 மாதத்தில் ஒழுகுகிறது. சர்வீஸ் ஆள் "போர் தண்ணி, வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு 500 ரூபாயும் வாங்கிக்கொண்டார். – வாசகி, அம்மாப்பேட்டை

வயிறு எரிகிறது அம்மா. டாங்குக்குள் ஒரு மக்னீசியம் தண்டு இருக்கும். டாங்க் அரிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும், உண்மைதான். ஆனால் சேலத்தில் கீசர் விற்கிறவருக்குப் போர் தண்ணீர் என்ன புதுசா? தண்டை மாற்ற வேண்டும் என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

வாரண்டி அட்டையில் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி நிபந்தனை இருக்கிறதா என்று பொடி எழுத்துவரை படியுங்கள். இல்லையென்றால் அவர்கள் சொன்னது செல்லாது. இருந்தாலும், எந்தப் பரிசோதனையை வைத்து மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதிலும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அந்த 500 ரூபாய்க்கு ரசீது கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள், அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒழுகும் இடத்தைப் படம் எடுக்காமல் கீசரைக் கழற்ற விடாதீர்கள்.