பத்து வருடம் எடிசன், எட்டு வருடம் பொள்ளாச்சி

கேள்வி: அமெரிக்காவில் பிறந்த நம் பிள்ளைகள், பெற்றோரின் ஊரில் போய் வாழ்வதைப் பற்றி உண்மையிலேயே யோசிப்பார்களா? இரண்டையும் எடை போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நான் 1994-ல் நியூஜெர்சியில், எடிசனில் பிறந்தேன். அப்பா எச்1பி என்ற வேலை விசாவில் வந்தவர். 2004-ல் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தது. அம்மா வீட்டுக்கு ஒரே பெண் என்பதால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பொள்ளாச்சிக்கு வந்துவிட்டோம். ஆனைமலை போகும் வழியில், தென்னந்தோப்புக்குள் வீடு. பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். 2012-ல் தனியாகத் திரும்பி வந்து, இன்று வரை நியூஜெர்சியில்தான் இருக்கிறேன். என்னைவிட நான்கு வயது சின்னவனான தம்பியும் எடிசனில் பிறந்தவன்தான், அவன் கோயம்புத்தூரை விட்டு வரவே மாட்டேன் என்கிறான். ஒரே வீடு, ஒரே பாஸ்போர்ட், ஆளுக்கொரு முடிவு. அதனால் "அங்கே பிறந்த பிள்ளைகள் இப்படித்தான்" என்று யாராவது மொத்தமாகச் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இங்கே என் வயதுள்ள நண்பர்களோடு இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். அவர்களுக்கு ஊர் என்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகும் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் யாராவது கல்யாணம், யாராவது வீட்டு விருந்து, துணிக்கடை, கோயில், வயிற்றுப்போக்கு, கொசுக்கடி, "ஏன் இப்படி இளைச்சுட்டே" என்று கேட்கும் பெரியம்மா. சிலருக்கு அது பிடித்துப்போய் "அங்கேதான் மனிதர்கள் இருக்கிறார்கள்" என்கிறார்கள், சிலருக்குப் பிடிக்காமல் "ஒரு வாரத்துக்கு மேல் முடியாது" என்கிறார்கள். அமெரிக்காவையோ செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியை வைத்து அளக்கிறார்கள், வேலை, வாடகை, காப்பீடு, பனி அள்ளுவது. விடுமுறையை ஒரு தட்டிலும் வேலைநாளை இன்னொரு தட்டிலும் வைத்தால் எந்த எடை சரியாக வரும்? எனக்கு இரண்டு ஊரின் செவ்வாய்க்கிழமையும் தெரியும், அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

பொள்ளாச்சியின் செவ்வாய்க்கிழமை எனக்கு முதலில் கொடுத்தது சுதந்திரம். கேட்டால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். எடிசனில் நான் எங்கே போவதென்றாலும் அம்மா காரில் கூட்டிப் போக வேண்டும், தோழி வீட்டுக்குப் போகக்கூட இரண்டு அம்மாக்களும் பேசி நேரம் குறிக்க வேண்டும். பொள்ளாச்சியில் பதினோரு வயதில் தனியாக டவுன் பஸ் ஏறி பள்ளிக்கூடம் போனேன். எடிசனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்களை அரைகுறையாகக் கற்றிருந்தேன், மீதியைக் கற்றுக்கொடுத்தது பஸ் போர்டுகள்தான். ஒருநாள் தவறான பஸ் ஏறி வேட்டைக்காரன்புதூர் வரை போய்விட்டேன், கண்டக்டர் டீக்கடையில் உட்காரவைத்து, திரும்பிப் போகும் வண்டியில் அவரே ஏற்றிவிட்டார். அன்று வீட்டில் திட்டு விழுந்தது, ஆனால் இந்த ஊரில் நான் தொலைந்துபோக முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் பதினைந்து வயது ஆனது. அதே பஸ், அதே டீக்கடை, ஆனால் ஏழு மணிக்குள் வீடு. தம்பிக்கு அந்தக் கணக்கு இல்லை. அவன் இரவு பத்து மணிக்கு நண்பர்களோடு புரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவான், நான் மாடியில் நின்றாலே அம்மாயி (அம்மாவின் அம்மா) கீழே கூப்பிடுவார். அவன் அந்த ஊரிலேயே இருக்க முடிவெடுத்ததற்கும் நான் கிளம்பியதற்கும் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவனிடமே சொல்லியிருக்கிறேன், அவன் மறுக்கவில்லை. இதைப் பேசாமல் "வேர்", "பண்பாடு" என்று மட்டும் பேசுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. எந்த ஊர் வேண்டும் என்பதைப் பையனாகப் பிறந்தோமா பெண்ணாகப் பிறந்தோமா என்பதும் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. தோப்பில் 45 நாளைக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு நடக்கும். வெட்டுக்கு வரும் ஆட்களுக்கு டீ கொடுப்பதற்குத் தனி டம்ளர் இருந்தது, களத்துக் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். பத்து வயதில் "ஏன் அது மட்டும் வெளியே இருக்கு?" என்று அப்பிச்சியிடம் கேட்டேன். என்மேல் உயிரையே வைத்திருந்தவர், நான் இன்றும் நினைத்து அழுகிற மனிதர், அன்று பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரையும் நேசிக்கிறேன், அந்த டம்ளரையும் மறக்கவில்லை. அமெரிக்கா போனால் இதெல்லாம் கழன்றுவிடும் என்று நினைத்தேன், இங்கேயும் கல்யாணப் பேச்சு வரும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நாம் பெட்டியில் எதையெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று பாருங்கள்.

சரி, அமெரிக்கப் பக்கம். பிறப்பால் குடியுரிமை இருந்தாலும் எனக்கு இங்கே எதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை. பெற்றோர் நியூஜெர்சியில் வசிக்காததால் கல்லூரியில் வெளிமாநிலக் கட்டணம் கேட்டார்கள். அப்பாவின் நண்பர் வீட்டு மாடியறையில் தங்கி, மருந்துக்கடையில் வேலை பார்த்து, முதலில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரி, அப்புறம்தான் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். நான் வந்த முதல் குளிர்காலம், 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அன்று இரவு அம்மா போனில் "திரும்பி வந்துடு" என்றார். நான் போகவில்லை. இன்று பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தை, துப்பாக்கிக்காரன் புகுந்தால் வகுப்பில் விளக்கை அணைத்துச் சத்தமில்லாமல் மூலையில் உட்காரும் பயிற்சியை விளையாட்டுபோலச் சொல்லும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கல்லூரியில் ஒரு தோழி இருந்தாள். சென்னையில் பிறந்து நான்கு வயதில், எச்1பிக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்4 விசாவில் வந்தவள். அவளுக்குச் சென்னை நினைவே இல்லை, தமிழ் புரியும், பேச வராது. வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்பதால் அவள் அப்பாவின் வரிசை நகரவே இல்லை. 21 வயது ஆனதும் பெற்றோரின் விசாவில் இருக்க முடியாமல், தான் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவி என்று விண்ணப்பித்து விசா வாங்கினாள். எட்டு வருடம் பொள்ளாச்சியில் வளர்ந்த நான் விமான நிலையத்தில் குடிமக்கள் வரிசையில் நடந்து வருகிறேன், அவள் வேறு வரிசையில். எங்கே வாழலாம் என்று எடை போடுவதே எல்லாருக்கும் கிடைக்கிற வாய்ப்பு இல்லை என்று அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். 2025 ஜனவரி 20 அன்று, தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று ஜனாதிபதியின் உத்தரவு வந்தபோது முதலில் நான் போட்டது 1994-ஆம் வருடக் கணக்கு. அம்மா அப்பா இருவரும் அப்போது தற்காலிக விசாவில்தான் இருந்தார்கள். வழக்குகள் உடனே பாய்ந்தன, நீதிமன்றங்கள் தடைபோட்டன, ஏற்கெனவே பிறந்தவர்களை அந்த உத்தரவு தொடவும் இல்லை. ஆனாலும் அன்று தூக்கம் வரவில்லை.

இந்தியப் பக்கம் மட்டும் கதவு அகலத் திறந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. என்னிடமும் தம்பியிடமும் ஓசிஐ அட்டை இருக்கிறது, இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது. வாழ்நாள் விசா என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். 2020 மார்ச் 13 முதல் ஓசிஐக்காரர்களின் விசா இல்லாப் பயணத்தை இந்தியா நிறுத்திவைத்தது, அடுத்த வாரமே விமானங்களும் நின்றன. அந்த ஏப்ரலில் அப்பிச்சி இறந்தார். நான் நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவும் பகலுமாகச் சளி மாதிரிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி. ஊரே திரண்டு வந்திருக்க வேண்டிய மனிதர், தம்பியும் மாமன் பையன்களும் தூக்கிப் போனார்கள், நான் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பார்த்தேன். நடுவில் படம் நின்றுவிட்டது.

தம்பியின் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "திரும்பிப் போய்விடலாம்" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனால் அமெரிக்கக் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக்கணக்கு காட்ட வேண்டும், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் போடப் போனால் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றதும் சில நிறுவனங்கள் கைவிரிக்கின்றன. தோப்பை ஒட்டிய இரண்டு ஏக்கர் விலைக்கு வந்தபோது அவனால் வாங்க முடியவில்லை, ஓசிஐ இருப்பவர்கள் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்கக்கூடாது. அவன் தெருவில் சாக்கடை ஓடினாலும் அங்கே அவனுக்கு ஓட்டு இல்லை, அவன் ஓட்டு தபாலில் நியூஜெர்சிக்குப் போகிறது. "ஆறு வயசுல விட்டுட்டு வந்த ஊருக்கு யாரு ஆளணும்னு நான் சொல்றேன், இந்தத் தெருவுக்குச் சொல்ல முடியல அக்கா" என்று ஒருமுறை வருத்தப்பட்டான்.

குழந்தைகளோடு திரும்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ அட்டை வாங்கிய பிள்ளைகள் நீட், ஜேஇஇ எழுதினாலும் என்ஆர்ஐ இடங்கள், கூடுதல் இடங்கள் மட்டும்தான். அதற்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிளம்புவதற்கு முன் பிள்ளையின் அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் பிள்ளையிடமும் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அந்தக் கோபம் போக எனக்கு வெகுநாள் ஆனது.

அப்படியென்றால் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? வாழ்வதற்கு நியூஜெர்சி. ராத்திரி பதினொன்றுக்கு வேலை முடிந்து நானே வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பொள்ளாச்சிக்கு விருந்தாளியாகப் போவதை நிறுத்திவிட்டேன். போன வருடம் சம்பளமில்லா விடுப்பு போட்டு ஆறு வாரம் இருந்தேன். வெள்ளை ஈயும் வாடல்நோயும் சேர்ந்து தோப்பில் பாதி மரங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன, எந்த மரத்தை வெட்டுவது, எதை வைத்துப் பார்ப்பது என்று தம்பியோடு நடந்து நடந்து எண்ணினேன். மரத்துக்கு மரம் சண்டை போட்டோம். ஊர்க்காரர்கள் என்னிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேட்பதை இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டார்கள், தண்ணீர் முறை எப்போது வருகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அம்மாயிக்கு 84 வயது. இந்த முறை எப்போது வரட்டும் என்று போனில் கேட்டேன். "தை பொறக்கட்டும் கண்ணு, நோம்பி இருக்குது, ரெண்டு கல்யாணம் இருக்குது, எல்லாத்தையும் பாத்துட்டுப் போலாம்" என்றார். மார்கழியிலேயே வருகிறேன் என்றேன். "மார்கழில வந்து என்னத்தப் பண்ணப் போற? ஒரு விசேசமும் இருக்காது, பனிதான் கொட்டும்" என்றார். டிசம்பர் 18-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.