பொங்கல் பானைக்குத் தேனீ எதற்கு?

கேள்வி: தேனீக்கள் இல்லாவிட்டால் பொங்கலே இல்லை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாக என் மகள் கூறுகிறாள். நெல்லுக்கும் கரும்புக்கும் தேனீ எதற்கு?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருக்கும். அதற்குள் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். பாசிப்பயற்றிலோ இதழ் விரியும் முன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது. கரும்பைக் கரணையிட்டும், மஞ்சளை விதைக்கிழங்கு ஊன்றியும், வாழையைப் பக்கக்கன்று பெயர்த்து நட்டும் வளர்க்கிறோம். நாம் உண்ணும் வாழைக்காய் மகரந்தம் படாமலே திரள்வது. நம் பக்கத்துக் கருப்பட்டியும், பனம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுப்பதாகையால், தேனீயை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே பானை எப்படியும் பொங்கும்.

ஆனால் அதில் ஏலக்காய் மணக்காது. ஏலப்பூவில் சூல்முடி மகரந்தப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், தேனீ நுழைந்து உரசினாலன்றி மகரந்தம் அங்கே சேராது. இடுக்கி மலைத் தோட்டங்களில் அதைச் செய்பவை பெரும்பாலும் மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயுமே. முந்திரிக்கும் தேனீ, ஈ, எறும்பு போன்றவை வந்து போக வேண்டும். படையல் இலையிலோ இழப்பு இன்னும் பெரிது. பரங்கிக்காய் அடியோடு போய்விடும், தேங்காய் குறையும். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே உடையது. கரிய பெரிய தச்சுத்தேனீ அதைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது, மகரந்தம் அத்துளை வழியே பொடியாகக் கொட்டுகிறது. காற்றசைவிலும் கத்தரி ஓரளவு காய்க்கும் என்றாலும், இவ்வண்டு வரும் தோட்டத்தில் காய்ப்பு கூடுதல்.

பனங்கிழங்கையும் விட்டுவிடலாகாது. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காற்றோ பூச்சியோ ஆண் பனையின் மகரந்தத்தைக் கொண்டுசேர்த்தால்தான் முளைக்கும் கொட்டை உண்டாகும். அக்கொட்டையை மணலில் புதைத்துத் தை மாதத்தில் தோண்டி எடுக்கிறோம். காய்க்காத மரம் என்று ஆண் பனைகளை முதலில் வெட்டிவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

கேள்வி: எங்கள் பரங்கிக் கொடியில் பூவுக்குக் குறைவில்லை, பிஞ்சுகள் மட்டும் மஞ்சளித்து உதிர்கின்றன. உரம் போதவில்லையா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: உரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பூவைப் பாருங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே குட்டிப் பரங்கி போன்ற உருண்டை இருந்தால் அது பெண் பூ. இரண்டும் விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீக்கள் பலமுறை வந்து போகாவிட்டால் பிஞ்சு உதிரும், அல்லது கோணலாகத் திரளும். காலை எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூச்சிமருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், பூக்கள் மூடியபின் மாலையில் அடிப்பதே நல்லது.

கேள்வி: தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்தால் காய் கூடுமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: நெட்டை மரங்களாயின் வைக்கலாம். நெட்டைத் தென்னையின் பாளையில் ஆண் பூக்கள் முதலில் ஏறத்தாழ மூன்று வாரம் விரிந்து உதிர்ந்த பிறகே பெண் பூக்கள் மகரந்தம் ஏற்கும் நிலைக்கு வருகின்றன. எனவே பெரும்பாலும் அது வேறொரு பாளையிலிருந்தே வரவேண்டியிருக்கிறது. காற்று ஒரு பங்கு கொண்டுவரும், மீதியைத் தேனீயும் பிற பூச்சிகளும் கொண்டுவரும். பூ காயாக முற்றுவதற்குப் பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆகிவிடும் என்பதால், பெட்டி வைத்த பலனை வரும் பொங்கலுக்கே எதிர்பார்க்காதீர்கள். குரும்பை உதிர்வுக்கு வறட்சியும் சத்துக் குறைவும் காரணமாகலாம்; அவற்றைப் பெட்டி சரிசெய்யாது.

தேனீக்கு இரை கிடைக்குமா என்று அஞ்ச வேண்டாம். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுகிறது. நாம் எல்லோரும் திட்டும் சீமைக் கருவேலம்கூட, தேனீக்கு நன்றாகவே தேன் தருகிறது. அதற்காக அந்த மரத்தை வளர்க்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கண்மாய்க் கரையில் புங்கமும் வேம்பும் வையுங்கள். பெட்டியை நிழலில், எறும்பு ஏறாதபடி நீர் நிரம்பிய கிண்ணங்களில் கால் ஊன்றி நிறுத்துங்கள்.